கரண்டிக் கம்பியின் இடம்

பட்டறையில் அவளை எல்லோரும் பாம்புச்செவி என்றே அழைத்தார்கள்; அவளும் அதைக் குறையாக எடுத்துக்கொண்டதில்லை. கணவர் தச்சர். மோட்டார் ஹோம் எனப்படும் வீட்டு வண்டிகளுக்குள் அடுப்பங்கரை அமைத்துக் கொடுப்பது அவர் தொழில். அமைத்தவை ஓட்டத்தில் எங்கே ஆடுகின்றன, எங்கே உரசுகின்றன என்று கேட்டுச் சொல்வது அவள் தொழில். வேலை முடிந்ததும் அலமாரிகளில் பாத்திரங்களை நிரப்பிவிட்டு, பின் இருக்கையில் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு கண்களை மூடிக்கொள்வாள். தச்சர் வண்டியை எடுப்பார். முதலில் குண்டும் குழியுமான சந்து, அடுத்து வழவழப்பான நெடுஞ்சாலை, கடைசியாகக் கிடங்குகளுக்குப் பின்னால் ஆளரவமற்ற சாலையில் ஒரு முரட்டு பிரேக். திரும்பி வந்ததும் அவள் ஒவ்வொன்றாகச் சொல்வாள்: மேல் அலமாரியின் இடது கொண்டி, தட்டு அடுக்கின் அடி ரப்பர், அடுப்பு மூடியின் கீல். அவையெல்லாம் அடங்கிவிட்டன என்று அவள் சொல்லாமல் எந்த வண்டியின் சாவியும் பட்டறையை விட்டு வெளியேறியதில்லை.

இந்தக் கண்டிப்பு வீண் பிடிவாதமன்று. வீட்டுச் சுவரில் மாட்டிய வாணலி நழுவினால் கீழே விழும். ஓடும் வண்டியில் மாட்டிய வாணலி நழுவினால் பறக்கும். அது பறக்கும் வழியில் பெரும்பாலும் யாராவது அமர்ந்திருப்பார்கள்.

பல் டாக்டர் தம் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியது ஒரு மேகமூட்டமான முற்பகலில். தொழிலிலிருந்து ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர். வண்டிக்குள் ஏறியதும் பாம்புச்செவிக்கு ஏதோ உறுத்தியது. கழுவிக் கவிழ்த்த தட்டுகள் இரண்டு, டம்ளர்கள் இரண்டு. தலையணை ஒன்றுதான். அடுப்புக்கு மேலே, இருக்கையின் தலைமாட்டை ஒட்டி, சுவரில் ஓர் எஃகுக் கம்பி. அதில் கொக்கிகளிட்டுக் கரண்டிகள் தொங்கின. இருக்கையின் சாய்மானத்தில் ஆழமான வடு ஒன்று இருந்தது.

"இது என்ன டாக்டரே, எலி கடிச்சதா?" என்றார் தச்சர்.

"வாணலி. ஒரு தடவ நாய் குறுக்க வந்திருச்சு, பிரேக்க அழுத்திட்டேன். அந்தக் கம்பியில தொங்கினது நேரா வந்து இங்க அடிச்சுது. எம் பொண்டாட்டி அப்பத்தான் எந்திரிச்சு முன்னாடி வந்திருந்தா. இல்லன்னா..."

"இல்லன்னா உங்க தொழில் வீட்டுக்குள்ளேயே நடந்திருக்கும்."

பாம்புச்செவி கணவரை ஒரு பார்வை பார்த்தாள். அவர் அளவுகோலை எடுத்துக்கொண்டு குனிந்தார். டாக்டரோ சிரித்துவிட்டார். மனைவி அதற்குப் பிறகும் வெகுகாலம் இருந்தாள் என்றும், போன ஆண்டுதான் நோயில் படுத்து ஆஸ்பத்திரியிலேயே கண்ணை மூடினாள் என்றும் சொன்னார்.

"எம் பொண்ணு கறாரா சொல்லிட்டா. அடுப்பங்கரைய ஒழுங்கு பண்ணாத வரைக்கும் பாப்பாவ இந்த டப்பாவுல ஏத்தவே மாட்டாளாம். பேத்திய கூட்டிக்கிட்டு நாலு ஊர் சுத்தணும்னு எனக்கு ஆசை. பின்னாடி ரெண்டு பேருக்கு பெல்ட் இருக்கிற சீட் இது ஒண்ணுதான், அவ இங்கதான் உக்காரணும். அதனால எல்லாத்தையும் மாத்திருங்க. இந்தக் கம்பிய மட்டும் தொடாதீங்க."

தச்சர் கம்பியைப் பிடித்துத் தம் பாரத்தையெல்லாம் போட்டு இழுத்தார். அது அசையவில்லை. "கல்லு மாதிரிதான் இருக்கு. கரண்டி மட்டும்தான? இருந்துட்டுப் போகட்டும்" என்றார். அவர் அப்படி விட்டது பிழை. கை இழுக்கும் இழுப்பு வேறு, நாள் முழுதும் நடுங்கும் நடுக்கம் வேறு என்று பிறருக்குப் பாடம் நடத்துபவர் அவர். ஆயினும் அந்த மனிதரின் முகத்தைப் பார்த்து இளகிவிட்டார்.

மற்ற வேலைகள் அடுத்த சில நாள்களில் முறையாக நடந்தன. தச்சர் விரல் முட்டியால் சுவரைத் தட்டித் தட்டி, பலகைக்குப் பின்னால் இரும்புச் சட்டம் ஓடும் இடங்களைக் கண்டுபிடித்துச் சுண்ணக்கட்டியால் குறியிட்டார். அலமாரிகள் அனைத்தும் அந்தச் சட்டங்களோடு போல்ட் போட்டுப் பிணைக்கப்பட்டன. வாணலியும் கனத்த பாத்திரங்களும் தரையை ஒட்டிய அறைக்குள் இறங்கின. சுவரில் காந்தப் பட்டையில் ஒட்டிக்கொண்டிருந்த கத்திகள் பூட்டுள்ள இழுப்பறைக்குள் போயின. மசாலாப் புட்டிகளுக்கு முன்னால் குறுக்குச் சட்டம் வந்தது. கதவுகளுக்கெல்லாம் அழுத்தினால் மட்டுமே திறக்கும் கொண்டிகள் பொருத்தப்பட்டன.

ஓட்டம் பார்க்கப் புறப்பட்டார்கள். சந்து கடந்தது, புதிய கொண்டி எதுவும் வாய் திறக்கவில்லை. வண்டி நெடுஞ்சாலையில் ஏறி, எண்ணெய்மேல் வழுக்குவதுபோல் போனது. அப்போது அவள் காதருகே அது கேட்டது. டங், டங். கரண்டியைச் சமையல் ஏனத்தின் விளிம்பில் தட்டும் ஒலி. ஒட்டியிருப்பதை உதிர்க்கும் இரண்டு தட்டு. பிறகு ஒன்றுமில்லை.

கண்களைத் திறந்தாள். கரண்டிகள் அசைவற்றுத் தொங்கின. அந்தப் பக்கத்தில் பாத்திரம் எதுவுமே இல்லை.

"என்னங்க, வண்டிய ஓரங்கட்டுங்க."

கரண்டிகளை ஒவ்வொன்றாகக் கழற்றித் துணியில் சுற்றி இழுப்பறையில் வைத்தாள். கொக்கிகளையும் எடுத்தாள். வெறும் கம்பிதான் மிஞ்சியது. வண்டி மீண்டும் புறப்பட்டு, அதே வழவழப்பை அடைந்ததும், டங், டங். இம்முறை இன்னும் நிதானமாக ஒலித்தது. சமையல் முடிந்துவிட்டது, இனி அடுப்பை அணைக்கலாம் என்று திருப்திப்பட்ட ஒரு கையின் நிதானம் அது. அவள் பயந்தாள் என்று சொல்லிவிட முடியாது. யாரோ தனக்கும் சேர்த்துச் சமைத்திருக்கிறார்கள் என்று ஒரு கணம் தோன்றியது. அந்த எண்ணம்தான் அவளைக் கலக்கியது.

"எனக்கு ஒண்ணும் கேக்கல" என்றார் தச்சர்.

"உங்களுக்கு நான் கூப்பிட்டாலே கேக்காது."

பட்டறைக்குத் திரும்பியதும் டாக்டரிடம் நேராகவே சொன்னாள். அவர் திடுக்கிடுவார் என்று எதிர்பார்த்தாள். அவரோ அவள் கைகளைப் பற்றிக்கொண்டார்.

"நீங்க கேட்டீங்களா? நெஜமா? ரெண்டு தட்டுதான?"

"ஆமாங்க. ரெண்டேதான்."

"எம் பொண்ணு நம்ப மாட்டேங்குறாம்மா. டாக்டர்கிட்ட போங்கப்பாங்குறா. நானே டாக்டர்தான்டிங்கறேன், பல்லுக்குத்தானேங்குறா." சிரித்தவர், கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சாப்பிட வாங்கன்னு அவ ஒரு நாளும் கூப்பிட்டதில்ல. சமையல் முடிஞ்சா ரெண்டு தட்டு தட்டுவா, நான் எந்திரிச்சுப் போவேன். அவ்வளவுதான் எங்க பேச்சு. அவ போனதுக்கப்புறம் வீட்டுல கேக்கல, இந்த வண்டியிலதான் கேக்குது. வாசல்ல நிறுத்தியிருந்தாலும் கேக்கும். அதான் நான் இதுலயே படுத்துக்குறேன். நடுவுல ஒரு தடவ கம்பி கழண்டு விழுந்திருச்சு. தள்ளி மாட்டிப் பாத்தேன். மழைக்காலம் பூரா ஒரு சத்தமும் இல்ல. மறுபடி பழைய ஓட்டையிலேயே மாட்டினேன். அன்னிக்கே வந்துட்டா."

'கழண்டு விழுந்திருச்சு' என்ற சொல்லில் தச்சர் நின்றுவிட்டார். திருப்புளியை எடுத்தார். டாக்டர் தடுப்பதற்குள் ஒரு திருகாணி வெளியே வந்தது. அதோடு வெள்ளையாக ஏதோ பொடிந்து உதிர்ந்தது.

"டாக்டரே, இது என்ன?"

டாக்டர் தலை குனிந்தார். "பல்லு அடைக்கிற சிமெண்ட்."

தேய்ந்து அகன்றுபோன துளைகளை அவர் தம் பழைய கருவிகளால் சுரண்டிச் சுத்தம் செய்து, சிமெண்டைக் குழைத்து அடைத்து, அது இறுகியபின் திருகாணிகளை ஏற்றியிருந்தார். வேலையின் நேர்த்தியைத் தச்சரே வியந்தார்.

"சுவத்துக்குப் பல்லு கட்டியிருக்கீங்க! நானும் இழுத்துப் பாத்து ஏமாந்துட்டேன். ஆனா பல்லுக்குப் பின்னால எலும்பு இருக்கும். இதுக்குப் பின்னால சூடு தடுக்க அடைச்ச வெறும் பஞ்சு. சட்டம் ஒரு சாண் தள்ளி ஓடுது. அடுத்த பிரேக்குல இந்தக் கம்பியே ஈட்டியாட்டம் போகும்."

மூவரும் அந்த இருக்கையைப் பார்த்தார்கள்.

"கம்பிய சட்டத்து மேல மாத்திடுறேன்."

"ஐயோ, வேண்டாங்க. அவ போயிருவா."

பாம்புச்செவி இடையில் புகுந்தாள். இடத்தை மாற்றாமலே கம்பியை உறுதிப்படுத்த வழியுண்டா என்று கேட்டாள். தச்சர் தாடையைச் சொறிந்தார். சுவர்ப் பலகையைக் கழற்றி, பின்னால் ஒரு சட்டத்திலிருந்து அடுத்த சட்டம் வரை நீளும் இரும்புத் தகட்டை வைத்துப் பிணைத்தால், அதே இடத்தில் கம்பியை அதன்மேல் முறுக்கிவிடலாம் என்றார். பலகை கழன்றது. உள்ளே தளர்ந்த மின்கம்பியோ, உருளும் திருகோ, ஒலி எழுப்பக்கூடிய எதுவுமே இல்லை. உலர்ந்த பஞ்சு மட்டும் இருந்தது. அவள் கைவிட்டுத் துழாவிப் பார்த்தாள். பஞ்சு இளஞ்சூடாக இருந்தது. வெயில் இல்லாத நாளில் அது ஏன் சூடாக இருக்க வேண்டும் என்று அவள் கேட்கவில்லை.

தகடு ஏறியது. கம்பி அதே இடத்தில், அதே உயரத்தில் இறுகியது. டாக்டர் தாமே ஓட்டத்துக்கு வந்து, பேத்தி அமரப்போகும் இடத்தில் அமர்ந்தார். பாம்புச்செவி அருகில் அமர்ந்தாள். கிடங்குச் சாலையில் தச்சர் பிரேக்கை மிதித்தபோது இருவரும் பெல்ட்டில் தொங்கினார்கள். வண்டிக்குள் ஒரு தேக்கரண்டிகூட இடம் பெயரவில்லை. பிறகு நெடுஞ்சாலை. இருவரும் கண்களை மூடிக்கொண்டார்கள்.

எதுவும் கேட்கவில்லை. வண்டி திரும்பி, அதே வழியே மீண்டும் போனது. அப்போதும் எதுவும் கேட்கவில்லை. வழக்கமாக ஓர் ஓட்டத்தின் நிசப்தம் அவளுக்கு நிறைவு தரும். இந்த நிசப்தத்தில், ஆள் எழுந்து போனபின் நாற்காலியில் தங்கும் வெறுமை இருந்தது.

"பாத்தியா, கம்பி ஆடின சத்தம்தான்" என்றார் தச்சர் இறங்கும்போது. ஆடும் கம்பியின் ஒலியை அவள் அறிவாள். ஏனத்தின் விளிம்பை அறிந்த கையின் ஒலியையும் இப்போது அறிவாள்.

தச்சர் கைகழுவப் போனார். டாக்டர் அவளருகே வந்து தணிந்த குரலில் கேட்டார்.

"அம்மா, ஒரு நூல் அளவு லூசா விட்டா போதும். ஒரே ஒரு ஸ்க்ரூ. பேத்தி இருக்கும்போது நான் மெதுவாத்தான் ஓட்டுவேன்."

"நாய்க்கு அது தெரியுமாங்க?"

"அவ சாகறப்ப நான் பக்கத்துல இல்லம்மா. காப்பி குடிக்கப் போயிட்டேன். ஒரு காப்பிக்கு. இப்ப நானே இறுக்கித் தொரத்தணுமா?"

முடியாது என்பதே சரியான விடை. அதைச் சொல்லவே அவளைப் பட்டறையில் வைத்திருந்தார்கள். ஆனால் அந்த இரண்டு தட்டை இன்னொரு முறை கேட்க அவளுக்கும் ஆசையாக இருந்தது. தன் ஆசையை அறிந்துகொண்டதும் அவளுக்குத் தன்மேலேயே அச்சம் வந்தது. துணியை எடுத்துக்கொண்டு, வண்டியின் வெளிப்புறத்தில் படிந்த கைரேகைகளைத் துடைக்கப் போனாள்.

டாக்டரின் மகள் வந்து சேர்ந்தாள். குழந்தை தாயின் கையை உதறிவிட்டு வண்டிக்குள் ஓடியது. டாக்டரும் பின்னாலேயே ஏறினார். தகரச் சுவர் மெல்லியது. பாம்புச்செவிக்கு அது சுவரே அன்று. சின்னக் கால்கள் இருக்கையில் ஏறுவது கேட்டது. பெல்ட் 'க்ளிக்' என்று பூட்டிக்கொண்டது. தச்சர் உள்ளே விட்டிருந்த கருவிப் பெட்டியிலிருந்து எதையோ எடுக்கும் ஓசை. பிறகு அவள் காதுக்கு நேரே, தகரத்துக்கு அப்பால், திருப்புளியின் முனை திருகாணித் தலையில் உட்காரும் ஓசை.

அவள் கையிலிருந்த துணி நின்றது. சுவரை ஓங்கித் தட்டலாம். கூவலாம். தளர்த்தும்போது திருகாணி முதலில் ஒரு முறை வறட்சியாகக் கீச்சிடும். இறுக்கும்போது ஒலி சன்னமாகி மேலேறும். எது வரும் என்று காத்திருந்தவள், எதை விரும்பிக் காத்திருக்கிறாள் என்று தனக்கே சொல்லத் துணியவில்லை.

"தாத்தா, என்ன பண்றீங்க?"

வயதான ஒரு மூச்சு சுவரருகே வந்து வந்து போயிற்று.

"இறுக்குறேன்டா கண்ணு."

ஒலி சன்னமாகி மேலேறியது. இனி ஏற இடமில்லை என்னுமிடத்தில் நின்றது. அடுத்த திருகாணி. அதற்கடுத்தது. தச்சர் முன்பே முறுக்கிவிட்டவற்றை, தேவையே இல்லாமல், ஒவ்வொன்றாக அவர் இன்னும் முறுக்கினார்.

பின்னால் மகளின் குரல் கேட்டது. "அக்கா, நீங்க சொன்னாத்தான் நான் நம்புவேன். பாப்பா அங்க உக்காரலாமா?"

பாம்புச்செவி திரும்பவில்லை. நெற்றியைத் தகரத்தில் சாய்த்து நின்றாள். முன்பு உள்ளே பஞ்சு இளஞ்சூடாக இருந்த இடம் இப்போது குளிர்ந்திருந்தது.

"உக்காரலாம்மா."

டாக்டர் படியிறங்கி வந்தார். மருத்துவமனை மேசையருகே கருவி கொடுக்கும் பழக்கத்தில், திருப்புளியின் கைப்பிடியை அவள் பக்கமாகத் திருப்பி நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டாள்.

"கெளம்பட்டுமா?" என்றார். அவர் யாரிடம் கேட்டார் என்று அவளுக்குத் தெரியவில்லை.

"போயிட்டு வாங்க" என்றாள்.