கட்டாத கட்டடத்தின் நிழல்

பேரையூருக்கு மேற்கே, உள்ளூர்க்காரர் விருமாண்டி ஒரு பிள்ளைகள் இல்லத்துக்கென்று தானமாக எழுதிக்கொடுத்த தரிசில், இன்னும் கட்டப்படாத கட்டடம் ஒன்றின் நிழல் விழத் தொடங்கியது ஒரு சித்திரை மாதத்துச் செவ்வாய்க்கிழமை. காலையில் அது மேற்கே சோணையின் பருத்திக் காட்டில் நீண்டு கிடந்தது, உச்சிவேளையில் தரிசுக்குள்ளேயே சுருங்கிப் படுத்தது, சாயங்காலம் கிழக்கே வண்டிப்பாதை வரைக்கும் போனது. ஒழுங்கான எந்தக் கட்டடத்தின் நிழலும் நடந்துகொள்வது போலத்தான் நடந்துகொண்டது. கட்டடம்தான் இல்லை. ஊர்க்காரர்கள் அண்ணாந்து பார்த்தார்கள், மேலேயும் ஒன்றும் இல்லை. பருத்திக்கு வெயில் குறைகிறது என்று சோணை மட்டும் சண்டைக்கு வந்தார். யாரோடு சண்டை போடுவது என்று தெரியாமல் அந்த நிழலிலேயே துண்டை விரித்துப் படுத்தவர், நன்றாகத் தூங்கி எழுந்து வீட்டுக்குப் போனார். அதற்கப்புறம் அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அந்தக் கட்டடத்துக்கு ஆசைப்பட்டவள் மாயக்காள். அவளுடைய மகள் முத்துமீனாவுக்குப் பிறந்ததிலிருந்தே நடக்க வராது, பேச்சும் ஒன்றிரண்டு சொற்கள்தான். களையெடுப்போ நூறுநாள் வேலையோ, மாயக்காள் காலையில் கிளம்பும்போது பிள்ளையை வாசலோரம் தலையணை முட்டுக்கொடுத்து உட்காரவைத்துவிட்டுப் போவாள். சாயங்காலம் திரும்பும்போது முத்துமீனா வைத்த இடத்தில் வைத்தபடி, தெருமுனையையே பார்த்துக்கொண்டிருப்பாள். அந்தப் பார்வை பகல் முழுக்கத் தன் முதுகில் ஒட்டிக்கொண்டே இருக்கிறது என்பாள் மாயக்காள். சுற்றுப்பட்டு ஊர்களில் இப்படி இன்னும் சில பிள்ளைகள் இருந்தார்கள். தாய்மாரெல்லாம் சேர்ந்து ஓர் அறக்கட்டளையைப் பதிவு செய்தார்கள். பகலில் பிள்ளைகள் ஒன்றாக இருக்க ஓர் இல்லம், பார்த்துக்கொள்ள ஓர் ஆயா, சக்கர நாற்காலி ஏற ஒரு சரிவு, அவ்வளவுதான் அவர்கள் கேட்டது. பதிவு செய்துவிட்டால் பணம் தானாக வந்துவிடும் என்று வேறு நம்பினார்கள், பாவம்.

பணம் இருக்கும் இடம் தெரிந்தவர் மதுரையில் இருந்தார். அவர் பெயர் சாவித்ரி. வண்டியூர்த் தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடியறையில் உட்கார்ந்து, எந்தக் கம்பெனி எதற்கு நன்கொடை தருகிறது என்று தேடி, சின்னச் சின்ன அமைப்புகளுக்கு விண்ணப்பம் எழுதித் தருவது அவர் தொழில். அந்த வருஷம் கம்பெனிகளெல்லாம் தண்ணீருக்குத்தான் கொடுத்தன. சாவித்ரி யோசிக்காமல், இல்லத்துக் கூரையில் விழும் மழைநீரைச் சேமிக்கும் திட்டம் என்று எழுதினார். அனுப்பிய மறுநாள்தான் அந்தச் சித்திரைச் செவ்வாய்க்கிழமை. கட்டடத்தின் நிழலோடு பக்கத்தில் ஒரு பெரிய தொட்டியின் நிழலும் சேர்ந்தே விழுந்தது. அடுத்த வருஷம் காற்று கம்ப்யூட்டர் பக்கம் திரும்பியதால் டிஜிட்டல் பயிற்சி மையம் என்று எழுதினார். தொட்டி மறைந்து, மொட்டைமாடியில் ஓர் ஆன்டெனா முளைத்தது. அதற்கடுத்த வருஷம் பெண் தொழில்முனைவோர் என்றார், நிழல் நீளமான தகரக் கொட்டகையாக மாறிவிட்டது. ஒவ்வொரு தடவையும் பேரையூரிலிருந்து போன் வரும். "மேடம், இந்தத் தடவ என்ன எழுதுனீக? வாசலையே காணோம். புள்ளைகள எந்தப் பக்கமாத் தூக்கிட்டுப் போறது?" பணமும் வரவில்லை. பெரிய பெரிய அமைப்புகளுக்கே கையை விரித்த காலம் அது. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும்போது இலவம்பஞ்சு எந்த மூலைக்கு?

ஒருநாள் மாயக்காள் பஸ் ஏறி மதுரைக்கு வந்தாள்.

"உள்ளத உள்ளபடி எழுதுங்க மேடம். எம் மக நாளெல்லாம் ரோட்டையே பாத்துக்கிட்டு உக்காந்துருக்கா. ஒரு நாளாச்சும் அவ என்னைய எதிர்பாக்காம இருக்கணும். எனக்கு அம்புட்டுத்தான் வேணும்."

"அப்படி எழுதினா யாரும் கொடுக்க மாட்டாங்க, மாயக்கா."

"மாத்தி மாத்தி எழுதுனப்ப மட்டும் குடுத்தாகளாக்கும்?"

சாவித்ரி புதுத் தாள் ஒன்றை எடுத்தார். அவள் சொன்னதை அப்படியே எழுதினார். எழுதி முடித்து ஒருமுறை படித்துப் பார்த்தார். தானும் இத்தனை வருஷமாக, நேரில் பார்த்தேயிராத அந்தப் பிள்ளைக்காக ஏங்கிக்கொண்டிருந்தது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. மறுநாள் தரிசில் விழுந்த நிழலில் அகலமான வாசல் இருந்தது, சரிவு இருந்தது, முன்பக்கம் காற்றோட்டமாக ஒரு தாழ்வாரமும் இருந்தது.

அந்த விண்ணப்பத்தைச் சென்னையில் ஒரு கம்பெனியில் யாரோ படித்திருக்கிறார்கள். கல்யாணராமன், ரோகிணி என்று இரண்டு அதிகாரிகள் நேரில் பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. ஆடம்பரம் வேண்டாம், இருப்பதை இருக்கிறபடி காட்டுங்கள் என்று சாவித்ரி போனில் படித்துப் படித்துச் சொன்னார். ஊர் கேட்குமா? தேடி வந்தவர்களை வெறும் வாயோடு அனுப்பினால் நாளைக்கு யார் மதிப்பார்கள்? வாழைமரம் கட்டினார்கள், கொட்டுமேளம் வைத்தார்கள், கல்யாண மண்டபத்தில் நல்ல நாற்காலியாக இரவல் வாங்கினார்கள், பொன்னாடை போர்த்தினார்கள். விருந்தாளியை வெயிலில் உட்காரவைப்பது முறையில்லை என்பதால் அந்த நிழல் தாழ்வாரத்தில்தான் இலை போட்டார்கள். கல்யாணராமன் பாயசம் வரைக்கும் திருப்தியாகச் சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்து, "கட்டடம் நல்ல குளுகுளுன்னு இருக்கே" என்றார். சாப்பிடுகிற விருந்தாளியின் பேச்சை மறுத்துப் பேசி அந்த ஊரில் யாருக்கும் பழக்கமில்லை. எல்லாரும் சிரித்தபடி தலையாட்டினார்கள். ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. விசாலமான கட்டடமும் ஊரின் ஆதரவும் ஏற்கெனவே இருப்பதால், இதைவிட ஏழ்மையான ஓர் அமைப்புக்கு நிதியை ஒதுக்கிவிட்டார்களாம்.

சாவித்ரி போனிலேயே அழுதுவிட்டார். மாயக்காள் அழவில்லை.

"கட்டடம் இருக்குன்னு அவுகளே எழுதிக் குடுத்துட்டாக. பெறகென்ன மேடம்? நாளைக்கே புள்ளைகளக் கொண்டுபோயி விட்டுட வேண்டியதுதான்."

அப்படித்தான் இல்லம் தொடங்கியது. தாய்மாரில் ஒருத்தி முறைவைத்து வேலைக்குப் போகாமல் நின்று பார்த்துக்கொள்வாள். நிழல் நகர நகரப் பாயும் பிள்ளைகளும் நகர்வார்கள். மழைக்கு அந்த நிழல் உதவாது, பேரையூர்ப் பக்கம் அது ஒரு பெரிய கவலையும் இல்லை. சாவித்ரி இன்னமும் எழுதிக்கொண்டுதான் இருக்கிறார். இப்போது கட்டடம் கேட்பதில்லை, ஆயா சம்பளமும் மதியச் சோறும் மட்டும் கேட்கிறார்.

முதல் நாள் மாயக்காளுக்குக் களையெடுப்பில் கை ஓடவில்லை. பொழுது இறங்குவதற்குள் ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தாள். பிள்ளைகள் வண்டிப்பாதையோரம், நிழலின் கடைசியில் இருந்தார்கள். முத்துமீனா பாதைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, காளை என்ற பையனின் பிளாஸ்டிக் தம்ளரைப் பிடுங்கி வைத்துக்கொண்டு கொடுக்கமாட்டேன் என்று சிரித்துக்கொண்டிருந்தாள். "மீனா" என்று கூப்பிட்டாள் மாயக்காள். பிள்ளை திரும்பிப் பார்த்தாள், அம்மாதான் என்று தெரிந்ததும் மறுபடி தம்ளர் பக்கம் திரும்பிக்கொண்டாள். இத்தனை வருஷம் வேண்டிக் கிடந்தது இதற்குத்தான், இருந்தாலும் மாயக்காளுக்குக் கண் நிறைந்துவிட்டது. பொழுது விழுந்து நிழல் கலைந்தால்தான் இல்லம் மூடும். அதுவரைக்கும் அவள் பாதையோரத்தில், வெயிலில், மகளின் முதுகையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இப்போதும் தினமும் கொஞ்சம் முன்னதாகவே வந்துவிடுகிறாள்.