மூன்றாவது வார்த்தை

வெங்காயம் உரித்துக்கொண்டே முன்னறைப் பக்கம் காதை வைத்திருந்தாள். சனிக்கிழமை பதினொரு மணி. இருபத்திரண்டு வருடங்களாக இந்த நேரத்தில் அங்கிருந்து ஒரு குரல் வரும்: "ஏம்மா, மூணாவது என்ன?" போதகரான அவள் கணவருக்குப் பிரசங்கத்தின் முதல் இரண்டு தலைப்புகளும் எப்படியோ வந்துவிடும்; மூன்றாவதில் வண்டி நின்றுவிடும். மூன்றும் ஒரே எழுத்து வரிசையில் தொடங்கியாக வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். 'தேடினார், தொட்டார்' என்று திணறுவார். 'தேற்றினார்' என்று கத்தியைக்கூடக் கீழே வைக்காமல் சொல்வாள். அவர் அதை உள்ளங்கை அளவு அட்டையில் எழுதிக்கொள்வார். மறுநாள் மேடையில் அந்த வார்த்தையை அவர் அழுத்திச் சொல்லும்போது, மூன்றாவது வரிசையில் இருக்கும் அவளுக்குச் சபை முழுவதும் தன் கைச் சமையலைச் சாப்பிடுவது போலிருக்கும்.

நான்கு சனிக்கிழமைகளாக அந்தக் குரல் வரவில்லை. இப்போது முன்னறையில் இரண்டு குரல்கள். ஒன்று புதிதாக வந்த உதவிப் போதகனுடையது. அவனுக்குத் தலைப்பும் கிடையாது, அட்டையும் கிடையாது. கதைக்குள் யாராவது ஒருவர் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, அந்த ஆள் கண்ணால் பார்த்ததைச் சொல்லிக்கொண்டே வருவான். சபையில் இருமல்கூடக் கேட்காது. வந்த முதல் வாரமே, வேதாகமத்தின் இரண்டு மகன்கள் கதைக்கு அவர் வைத்திருந்த பழைய அட்டையை எடுத்துப் பார்த்தான். சொத்தை அழித்துவிட்டுத் திரும்பிய தம்பிக்கு வீட்டுக்குள் நடக்கும் விருந்தின் சத்தம் கேட்டு வெளியிலேயே நின்றுவிட்ட மூத்த மகனைப் பற்றியது அது. கேட்டான், கோபித்தான், கரைந்தான்.

"ஐயா, கரைஞ்சான்னு வசனத்துல எங்கயும் இல்லையே. அப்பா வெளிய வந்து கூப்பிடுறார், அதோட கதை நின்னுடுது. உள்ள போனானா இல்லையான்னே நமக்குத் தெரியாது."

"அட, ஆமாம்ப்பா! இத்தனை வருஷம் எனக்கு இது தோணவே இல்லையே!"

டீத் தட்டோடு வாசற்படியில் நின்றவள் அப்படியே நின்றாள். 'கரைந்தான்' அவள் கொடுத்த வார்த்தை. அது அவளுடையது என்று அவர் சொல்லவில்லை. அவளைக் காப்பாற்றினாரா, மறந்தே போனாரா என்று அன்றிலிருந்து அவளுக்கு விளங்கவில்லை. போட்டிக்கு வந்தது இன்னொரு பெண்ணாக இருந்தால் கேட்டுச் சண்டை போடலாம், நான்கு நாள் பேசாமல் இருக்கலாம். பிரசங்கம் தயாரிக்கும் ஒரு முறையின் மேல் பொறாமை என்று யாரிடம் போய்ச் சொல்வது? சிரிப்பார்கள்.

இந்தச் சனிக்கிழமை சாயங்காலம் அவருடைய சட்டையைத் தேய்த்துக்கொண்டே கேட்டாள். "என்னங்க, நாளைக்கு அட்டை?"

"அட்டையெல்லாம் வேண்டாம்மா. அந்த ரெண்டு மகன் கதைதான். மூத்தவன்கூடவே வெளிய நின்னு பார்க்கப்போறேன்."

"பார்த்து. வெயில் அடிக்கப்போகுது."

"நீ வேற" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார். அவள் பழைய அழைப்பிதழ் ஒன்றை அளவாக வெட்டினாள். ஒன்று, கேட்டான். இரண்டு, கோபித்தான். மூன்று என்று எழுதிப் புள்ளி வைத்து, பக்கத்தில் ஒன்றும் எழுதாமல் விட்டாள். அவருடைய வேதாகமத்தில் சரியாக அந்தப் பக்கத்தில் செருகி வைத்தாள். தேடட்டும்.

ஞாயிற்றுக்கிழமை அவர் நன்றாகப் பேசினார். அதைத்தான் தாங்க முடியவில்லை. வயலிலிருந்து திரும்புகிறவனின் காலில் அப்பிய மண்ணைச் சொன்னார். சத்தம் கேட்டு வேலைக்காரனைக் கூப்பிட்டு விசாரிக்கும்போதே அவன் கால் வாசலுக்கு வெளியே நின்றுவிட்டதைச் சொன்னார். அவளே ஒரு நிமிடம் தன்னை மறந்து கேட்டாள். பிறகு, இந்தக் குரலை இவருக்குள்ளிருந்து எடுத்தது யார் என்பது நினைவுக்கு வந்தது. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வசனத்தை வாசிக்கப் பக்கத்தைத் திருப்பினார். காது மடல் சிவந்ததை அவள் பார்த்தாள்.

"மூன்றாவதாக…" என்றார்.

முதலாவதையோ இரண்டாவதையோ யாரும் கேட்டிருக்கவில்லை. முன்வரிசையில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த ஓய்வுபெற்ற ஆசிரியை, நோட்டை இரண்டு பக்கம் பின்னால் புரட்டித் தேடினார். இருபத்திரண்டு வருடப் பழக்கம் வாயை முந்திக்கொண்டது அவள் கணவருக்கே உறைத்திருக்க வேண்டும். மூன்றாவது வரிசையைப் பார்த்தார். அந்தப் பார்வை அவளுக்குத் தெரியும். உதட்டை அசைத்தால் போதும், பிடித்துக்கொள்வார். எத்தனையோ முறை பிடித்திருக்கிறார். 'கரைந்தான்' நாக்கு நுனியில் இருந்தது. அவள் உதடுகளை இறுக்கிக்கொண்டாள். மின்விசிறிகள் மட்டும் சுற்றின. அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"மூணாவது எனக்குத் தெரியல" என்றார். புத்தகத்தை மூடிவிட்டுப் போய் உட்கார்ந்தார்.

ஆராதனை முடிந்து வாசலில் அந்த ஆசிரியை அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒண்ணையும் ரெண்டையும் விட்டுட்டேனோன்னு பதறிப்போயிட்டேன் ஐயா. அப்புறம்தான் நெஞ்சு அடைச்சது." உதவிப் போதகன் ஈரக் கண்ணோடு அவளிடம் வந்தான். "அக்கா, அந்த இடத்துல நிறுத்தணும்னு நான் சொல்லிக்கூடக் குடுக்கலக்கா!"

"ஆமா தம்பி" என்றாள். "நீங்க சொல்லிக் குடுக்கல."

அவள் கணவர் அவளை ஒரு முறை பார்த்தார். உதவிப் போதகனை வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டிக்கொண்டு வந்தார். அவள் தட்டு வைத்தாள், சோறு போட்டாள், குழம்பை மேசையில் வைத்தாள். துணி எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் பின்பக்கம் போய்விட்டாள். துணி இன்னும் காயவில்லை. உள்ளே அவன் எதையோ சொல்ல, அவர் சத்தமாகச் சிரித்தார். மறுபடியும் சிரித்தார். வீட்டில் அவர் இப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று எண்ணியபடி, ஈரமான தலையணை உறையின் கிளிப்பைப் பிடுங்கிப் பல்லில் கடித்துக்கொண்டாள்.

கதவு திறந்தது. எச்சில் கையோடு அவர் நின்றார். சட்டைப் பையில் அட்டையின் ஓரம் தெரிந்தது.

"நீ வராம எனக்குச் சோறு எப்படி இறங்கும்? உள்ள வா."

பல்லில் கிளிப் இருந்தது. அவள் எடுக்கவில்லை. அவரும் கதவை மூடவில்லை. கொடியில் ஒரு பக்கம் கிளிப் இழந்த உறை, காற்றில் வீட்டுப் பக்கமாக ஒரு தரம் வீசி, திரும்பித் தொங்கியது.