படங்கள் தொலைந்த பக்கம்

பள்ளியில் கணினி மன்றத்தைத் தொடங்கிய மாணவிக்கு முதல் நாளே பருந்து என்ற பட்டம் ஒட்டிக்கொண்டது. சொல்லிக்கொடுக்கும்போது யாராவது ஒரு நொடி தயங்கினால் போதும், தோளுக்குப் பின்னாலிருந்து அவள் கை பாய்ந்து மவுஸைப் பறித்துவிடும். "இப்படி இல்ல, இங்க பாரு" என்பாள். நாலு சொடுக்கில் வேலை முடிந்துவிடும். பார்த்தவருக்குத் தலையும் புரியாது, வாலும் புரியாது.

இன்று அந்தக் கை முதுகுக்குப் பின்னால் வியர்த்துக்கொண்டிருந்தது.

தலைமையாசிரியை வந்திருந்தார். பள்ளியில் கண்டெடுத்த பொருள்களுக்காக மன்றத்துப் பிள்ளைகள் கட்டிய இணையதளம் ஒழுங்காக ஓடினால் இந்த அறை மன்றத்துக்கு. இல்லையென்றால் இது பந்து வைக்கும் கிடங்கு. பிள்ளை பிறக்கும் முன்பே பேர் வைப்பவரைப்போல, விளையாட்டு ஆசிரியர் வலைப்பை நிறையப் பந்துகளோடு வாசலில் வந்து நின்றுவிட்டார்.

மன்றத்துக் கணினியில் எல்லாம் பளிச்சென்று தெரிந்தன: நீலக் குடை, ஒற்றைக் கையுறை, மூடி இல்லாத தண்ணீர்ப் புட்டி. தலைமையாசிரியை தன் கைபேசியில் அதே தளத்தைத் திறந்தார். எழுத்துகள் வந்தன. படங்கள் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் கட்டங்கள்.

"தொலைஞ்ச பொருளுக்குன்னு பக்கம் போட்டீங்க. படமே தொலைஞ்சு போச்சே?"

பருந்து முன்னே வந்தாள்.

"ஒரு நிமிஷம் மிஸ், நான் பாத்துடறேன்."

"நீ இரு. எல்லாருக்கும் கத்துக்குடுக்கிறேன்னு சொல்லித்தானே ரூம் கேட்ட? கத்துக்கிட்டவங்க சரி பண்ணட்டும்." அவர் விரல் கணினிக்குப் பக்கத்தில் நின்றவளைக் காட்டியது. "நீ வாம்மா."

பருந்து எட்டிப் பார்த்தாள். போயும் போயும் ஆமை என்று பட்டம் வாங்கியவள்! ஒரு வகுப்பு இளையவள். ஒரு வரியை மூன்று முறை படிக்காமல் அடுத்த வரிக்கு நகரமாட்டாள். பருந்து அதிகமாக மவுஸைப் பறித்தது அவளிடமிருந்துதான்.

ஆமை உட்கார்ந்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். பக்கத்துக்குப் பின்னாலிருக்கும் வரிகளைத் திறந்தாள். பிறகு உதடுகள் மட்டும் அசைந்தன.

"விடிஞ்சுடும் போலிருக்கே" என்றார் விளையாட்டு ஆசிரியர்.

அப்போதுதான் ஆமை படித்த வரியைப் பருந்தும் பார்த்தாள். தவறு தன்னுடையது. நாலே சொடுக்கு, யாருக்கும் தெரியாமல் மாற்றிவிடலாம். கை பாய்ந்தது.

"கைய எடுங்கக்கா." ஆமை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பருந்து கையை இழுத்துக்கொண்டாள்.

"மிஸ், படம் எங்க இருக்குன்னு இந்த வரிதான் சொல்லணும். இது இந்தக் கம்ப்யூட்டருக்குள்ள போற வழியைச் சொல்லுது. அதான் இங்க மட்டும் தெரியுது. உங்க போன் எப்படி இதுக்குள்ள வரும்? படத்தையும் பக்கத்தோட சேத்து இணையத்துல ஏத்தணும்."

"யாரு இப்படி எழுதினது?"

"எல்லாருமே இப்படித்தான் மிஸ்…" ஆமை இழுத்தாள்.

"நான்தான் மிஸ்" என்றாள் பருந்து. "இவங்க அடிக்கிற வரைக்கும் பொறுக்க முடியாம, நான் அடிச்ச வரியையே எல்லாருக்கும் ஒட்டிக் குடுத்துட்டேன்."

ஆமை படங்களையெல்லாம் ஏற்றிவிட்டு, ஒற்றை விரலால் வரியைத் திருத்தித் தட்டினாள். ஓர் எழுத்துத் தப்பானது, அழித்தாள், மறுபடி தட்டினாள். பருந்து இடக்கையால் தன் வலது மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"இப்போ திரும்பத் திறங்க மிஸ்."

கட்டம் அப்படியே இருந்தது. பிறகு மேலிருந்து கீழாக ஒரு நீலம் மெல்ல இறங்கியது. குடை.

"மீதி?"

"அவங்கவங்க வரியை அவங்கவங்களே மாத்துவாங்க மிஸ்" என்று சொல்லிப் பருந்து சுவரோரம் ஒதுங்கினாள்.

கையுறை வந்தது. புட்டி வந்தது. அடுத்து உட்கார்ந்தவன் தடுமாறினான். "அக்கா, இதுல எதை அழிக்கணும்?"

பருந்தின் கை தானாக எழுந்தது. அதை அக்குளில் இடுக்கிக்கொண்டாள். "படி. சத்தமா படி."

படித்தான். அழித்தான். கைபேசியில் சிவப்புக் கயிற்றோடு ஒரு விசில் தெரிந்தது.

"அட, அது என்னோடது!" விளையாட்டு ஆசிரியர் உள்ளேயே வந்துவிட்டார்.

தலைமையாசிரியை அவரை ஏற இறங்கப் பார்த்தார். ஆசிரியர் தன் வலைப்பையைப் பார்த்தார்.

"அப்போ இந்தப் பந்தையெல்லாம் நான் எங்கதான் கொண்டுபோய் வைக்கிறது?"