எல்லாருக்கும் ஒரே கார்டு

என் வீட்டுக்காரர் கலீலுர் ரஹ்மானுக்கு முதுகு பிடித்துக்கொண்டது அரிசி மூட்டையால் அல்ல, வாயால். வளைகுடாவில், முவைலா என்ற இடத்தில் இருக்கும் எங்கள் மளிகைக்கடைக்கு வந்த ஒருவரிடம், "நான் தூக்காத மூட்டையா?" என்று சவடால் அடித்துவிட்டுக் குனிந்தார். நிமிர்த்துவதற்குக் கடைப் பையன்கள் அத்தனை பேரும் வேண்டியிருந்தது. பக்கத்தில் ஒரு சீனக்காரி டாக்டர் ஊசி குத்தியே வலியைப் போக்குகிறாள் என்று யாரோ சொன்னார்கள். எங்கள் இன்சூரன்ஸ் கார்டில் அதுவும் சேர்த்தி என்று தெரிந்ததும் வாராவாரம் போக ஆரம்பித்தோம்.

அந்தக் கார்டைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தலைக்கனமே உண்டு. விசாவுக்கு இன்சூரன்ஸ் கட்டாயம் என்று ஆனபோது அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் இருப்பதிலேயே மலிவானதைத் தேடி அலைந்தார்கள். இவரோ கடையில் நடந்த நோன்பு திறப்பில் கஞ்சிக் கோப்பையோடு எழுந்து நின்று, "எங்க கடையில மொதலாளி, வேலையாள்ங்கிற பேச்சே இல்ல. எல்லாருக்கும் ஒரே கார்டு" என்றார். மாஷா அல்லாஹ் என்றார்கள் எல்லாரும். அன்றைக்கே கீழக்கரைக்குப் போன் போட்டு என் தங்கச்சியிடம் ஒரு பாட்டம் பீற்றிக்கொண்டேன்.

முதுகு வலியோடு இவரால் வண்டி ஓட்ட முடியாது. எனக்கு லைசென்ஸ் கிடையாது. கடை வேனில் எங்களைக் கூட்டிப்போவது வேலுச்சாமி. பரமக்குடிப் பக்கத்து ஆள். மற்ற நேரத்தில் தண்ணீர் கேன் கொண்டுபோய்ப் போடுவது அவன் வேலை. லிஃப்ட் கெட்டுப்போன கட்டடத்தில்தான் ஜனங்களுக்கு அதிகமாகத் தாகம் எடுக்கும் போல. கேனைத் தோளில் ஏற்றிக்கொண்டு மாடி மாடியாக ஏறி இறங்குவான்.

கிளினிக் வாசலில் எங்களை இறக்கிவிட்டு வேனிலேயே இருந்துவிடுவான். உள்ளே வந்து ஏசியில் உட்காரச் சொன்னால், "பரவால்லக்கா, பார்க்கிங்ல பைன் போட்ருவாய்ங்க" என்பான். போன வாரம் அடித்த வெயிலில் எனக்கு மனசு கேட்கவில்லை. நானே போய் அதட்டி உள்ளே கூட்டிவந்தேன்.

அப்போது இவர் திரைக்கு அந்தப்பக்கம் குப்புறக் கிடந்தார், முதுகு நிறைய ஊசியோடு. டாக்டர் வெளியே வந்தாள். நான் ஏதோ கேட்க வேலுச்சாமியைக் கூப்பிட்டேன். அவன் கழுத்தைத் திருப்பாமல் உடம்பையே திருப்பினான். தினமும் பார்க்கிற எனக்கு அது கண்ணில் பட்டதே இல்லை. அவளுக்குப் பட்டது. நேராகப் போய் அவன் தோளில் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். "ஆத்தே!" என்று கத்திவிட்டான்.

ரிசப்ஷனில் இருந்த மலையாளிப் பெண் டாக்டர் சொன்னதைத் தமிழில் சொன்னாள். "சேச்சி, உள்ள படுத்திருக்கிற சாரைவிட இவருக்குத்தான் மோசம். இப்படியே விட்டா கையில பலம் போயிடும்ங்கறாங்க."

"அதுக்கென்ன, வேலுவுக்கும் எங்க கார்டேதான். இன்னைக்கே ஆரம்பிங்க" என்றேன் பெருமையாக.

திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "ஆபிதா, இன்னைக்கு வேணாம். கடைக்கு நேரமாச்சு."

"நீங்க அசையாமக் கெடங்க மச்சான். ஊசி ஒடிஞ்சிறப் போவுது."

வேலுச்சாமியும் வேண்டாம் வேண்டாம் என்று வாசலைப் பார்த்தான். நான் விடுவேனா? அவனுடைய ஐடியை வாங்கி நானே நீட்டினேன்.

அந்தப் பெண் கம்ப்யூட்டரைப் பார்த்தாள். "இதுல சாதாரண டாக்டர், ஆஸ்பத்திரி உண்டு. இந்த ட்ரீட்மென்ட் இல்ல சேச்சி."

"நல்லாப் பாரும்மா. மொதலாளிக்கு எடுத்த அதே கார்டு."

"அது வேற, சேச்சி. இது ஆகக் குறைஞ்ச விலைக் கார்டு."

"மச்சான்?" என்றேன் திரையைப் பார்த்து. முதுகில் ஊசியோடு எழுந்து ஓட முடியாதுதான். வாயைத் திறந்து பேசலாமே. எனக்கு முகமெல்லாம் எரிந்தது. அவசரமாகக் கைப்பையைத் திறந்தேன். "காசு கட்டிருவோம் வேலு. நீ போய்ப் படு."

"வேணாங்க்கா." முதலாளிக்குக் கேட்கக் கூடாதென்று அவன் குரலைத் தாழ்த்தினான். அந்த மெல்லிய துணி எதைத் தடுக்கும்? "நான் இங்க வைத்தியம் பாக்குறேன்னு தெரிஞ்சா கடைப் பயலுக ஆளுக்கொரு கார்டத் தூக்கிட்டு இங்கதான் வந்து நிப்பாய்ங்க. செல்லாதுன்னா பாய்க்கு அசிங்கமாப் போயிரும்."

"ஒனக்கு முன்னாடியே தெரியுமா?"

"கார்டு வந்த கையோட ஒரு ஆஸ்பத்திரிக்குத் தோளக் காட்டப் போனேங்க்கா. இது மலிவுக் கார்டுன்னு அங்கயே சொல்லிட்டாய்ங்க. நோன்பு தொறப்புக்கு முன்னாடியே."

அப்படியென்றால் இவர் எழுந்து நின்று பேசியபோது, எல்லாருக்கும் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்த வேலுச்சாமிக்குத் தெரியும். தெரிந்தும் சிரித்துக்கொண்டே ஊற்றியிருக்கிறான். பார்க்கிங்கும் இல்லை, பைனும் இல்லை. உள்ளே வந்தால் யாராவது கார்டைக் கேட்டுவிடுவார்கள் என்றுதான் இத்தனை நாளும் அந்த வேனில் வெந்திருக்கிறான். பூமி பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்று இருந்தது.

ஊசியெல்லாம் எடுத்ததும் திரும்பினோம். கடைக்குள் நுழையும்போதே தண்ணீருக்குப் போன் வந்தது. மூன்றாவது மாடி. வேலுச்சாமி கேனுக்குக் குனிந்தான்.

"வேலு, இரு. நீ தூக்காத" என்றார் இவர். உண்மையைச் சொல்லிவிடப் போகிறார் என்றுதான் நினைத்தேன்.

சாமான் அடுக்கிக்கொண்டிருந்த கடைப் பையன் சாகிர் நிமிர்ந்தான். "ஏன் பாய், வேலண்ணனுக்கு என்ன?"

"தோளு... தோளு வலிக்குதாம்."

"அப்ப நீங்க போற அந்தச் சீனா டாக்டர்ட்டயே காட்டலாமே. எல்லாருக்கும் ஒரே கார்டுதானே பாய்?"

இவர் கல்லாவைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார்.

"வலியெல்லாம் ஒண்ணுமில்லடா. பாய் சும்மா சொல்றாரு" என்று வேலுச்சாமி கேனைத் தோளில் ஏற்றினான். கதவருகே போய் உடம்பையே திருப்பி, முதுகால் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனான்.

இவர் என்னைப் பார்த்தார். நானாவது சொல்லியிருக்கலாம். சாகிர் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து, அன்றைக்கு என் தங்கச்சியிடம் பீற்றிக்கொண்டது நினைப்பு வந்தது. சொல்லவில்லை.