வாயாடியின் குரல்

"இப்ப ஆன் பண்றேன்."

காதுக் கருவியைச் சரிபார்க்கும் ஆடியாலஜிஸ்ட் பெண்ணின் உதடுகளைப் படித்துவிட்டு, தையல்காரி நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்தாள். காதுக்குப் பின்னால் கருவி. அதிலிருந்து கிளம்பிய ஒயரின் நுனியில் ஒரு வில்லை, தோலுக்கடியில் பதித்த காந்தத்தோடு ஒட்டிக்கொண்டு.

தகர டப்பாவில் ஆணியைப் போட்டு யாரோ குலுக்கினார்கள். அந்தப் பெண் வாயை மூடியதும் குலுக்கல் நின்றது. ஓஹோ, இதுதான் பேச்சா?

தலையில் கத்தி வைக்க அவள் சம்மதித்தது ஒரே ஒரு குரலுக்காக. மகள் வயிற்றில் இருந்தபோது வந்த காய்ச்சல், இரண்டு காதுகளையும் துடைத்து எடுத்துக்கொண்டு போயிருந்தது. பெற்ற பிள்ளையின் குரலை அவள் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

"வாயாடி, நீ பேசு," என்றான் கணவன், செல்போன் கேமராவில் கண்ணை வைத்தபடி. மகளுக்கு வீட்டில் அதுதான் பெயர்.

மகள் எதிரே வந்து குனிந்தாள். உதடுகள் அசைந்தன. அம்மா, கேக்குதா?

ஒன்றுமில்லை.

மறுபடி அசைந்தன. அப்போதும் இல்லை. ஆடியாலஜிஸ்ட் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே அளவைக் கூட்டினாள். மின்விசிறி இரைந்தது. கணவனின் செருமல் மண்டையில் இடித்தது.

"எல்லாம் வருது. இவ மட்டும் வரல," என்றாள் தையல்காரி.

அழுகை வரவில்லை. நூல் கோக்காத மெஷினை மிதித்துக்கொண்டே இருப்பதுபோல் இருந்தது, அவ்வளவுதான்.

ஆடியாலஜிஸ்ட் திரும்பினாள். "ஏம்மா, நீ சத்தமே போடலையே. வெறும் வாயத்தானே அசைக்கிற?"

மகள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். கணவன் நெற்றியில் அடித்துக்கொண்டான்.

"அட, ஆமா. பேச ஆரம்பிச்சதுலேர்ந்து அம்மாகிட்ட இப்படித்தான். கேக்காதவகிட்ட தொண்டத்தண்ணி எதுக்குன்னு நாங்களே பழக்கிட்டோம். இப்ப சத்தம் போட்டுக் கூப்பிடுடி."

"வெக்கமா இருக்குப்பா."

"ஊரையே கூட்டுற வாய். பெத்தவகிட்ட என்னடி வெக்கம்?"

"அம்மா," என்றாள் மகள்.

ஆணிகள் குலுங்கின. ஆடியாலஜிஸ்ட்டுக்குக் குலுங்கிய அதே ஆணிகள்.

மூன்று முகங்கள் அவள் கண்ணில் நீரைத் தேடின.

"கேக்குது," என்றாள்.

"என் குரல் எப்படிம்மா இருக்கு?"

"தகர டப்பால ஆணி குலுக்குற மாதிரி."

மகள் சிரித்தாள். அதுவும் ஆணிதான். கணவன் செல்போனை இறக்கினான்.

"போகப் போகப் பழகும். கழட்டாமப் போட்டிருக்கணும்," என்றாள் ஆடியாலஜிஸ்ட்.

பஸ்ஸில் இரைச்சல் பிடுங்கித் தின்றது. தையல்காரியின் கை தானாகக் காதுக்குப் போனது. அதைக் கவனித்த மகள் பழையபடி உதட்டை மட்டும் அசைத்தாள். கழட்டிடுறியாம்மா?

கையை இறக்கி மடியில் வைத்துக்கொண்டாள் தையல்காரி.

"சத்தமாச் சொல்லு."

"கழட்டிடுறியாம்மா?"

இதில் 'அம்மா' எந்த ஆணி என்று பிடிபடவில்லை. அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள், உதட்டைப் பார்க்காமல்.

"இன்னொரு தடவ."