சக்கரத்தில் போன அறுபது குண்டுகள்

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குள் எங்கள் கூட்டத்தின் அறுபது குண்டுகளையும் நான் ஒருவனே சூதாடித் தொலைத்தேன். பன்னிரண்டு மணிக்குச் சண்டை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நடந்ததைக் கேட்டுவிட்டு, பாவம் தனுஷன், ஏதோ நடுவில் மாட்டிக்கொண்டான் என்று யாரும் எனக்காக உச்சுக்கொட்ட வேண்டாம்.

குண்டு என்றால் போனுக்குள் இருக்கிற குண்டு. வெறும் உடம்போடு ஒரு தீவில் ஒதுங்கி, கல் பொறுக்கி, மரம் வெட்டி, கோட்டை கட்டி, அடுத்தவன் கோட்டையை உடைக்கிற விளையாட்டு. ஹட்டனில் சில பொடியன்கள் வருஷத்துக்கு ஒரு தடவை மலைநாட்டுக்காரர்களுக்கு மட்டும் என்று ஒரு தீவைத் திறந்துவிடுவார்கள். பட்டிப்பொலவிலிருந்து கினிகத்தேனை வரைக்கும் தோட்டத்துக்கு ஒரு கூட்டம். மூன்று வாரம் சேர்க்க வேண்டும், கடைசி ஞாயிறு பகலில் மோத வேண்டும். எந்தக் கோட்டை நிற்கிறதோ, அந்தத் தோட்டத்தின் பெயர்தான் அடுத்த வருஷம் வரை தீவுக்குப் பெயர். அதற்குத்தான் இத்தனை வெறி. வரைபடத்தில் ஒரு பெயர்.

எங்கள் மேல்கணக்குத் தோட்டத்துக் கூட்டத்தில் ஐந்து பேர். தலைவன் யோகேஸ்வரன், எங்களுக்கு யோகா, தோட்டத்து லொறியில் கிளீனர். அடுத்து நல்லமுத்துவின் மகன்கள் இரண்டு பேர். அப்புறம் நானும் மிலானும். மிலான் பேக்டரியில் வேலை செய்கிறான். எங்கள் லயத்து வீட்டு வரிசையில் அவன் காம்பராவும் என் காம்பராவும் ஒட்டினாற்போல் இருக்கும். நடுச்சுவரில் தட்டினால் பதில் தட்டுவான். வேலைக்குப் போகிறவர்கள் முன்பு பிள்ளைகளை விட்டுப்போன பழைய பிள்ளைக்காம்பராவில்தான் சிக்னல் நன்றாக வரும் என்பதால் அங்கேதான் கூடுவோம். இப்போது அங்கே தொட்டிலும் இல்லை, பிள்ளைகளும் இல்லை, நான்கைந்து உடைந்த பெஞ்சுகள்தான்.

குண்டுப் பெட்டிக்கு ஆளுக்கு ஒரு நம்பர். யார் நம்பரில் திறந்தது என்று பெட்டியே எழுதி வைத்துக்கொள்ளும். அவரவர் அம்மாவின் செக்ரோல் நம்பரையே, தோட்டத்துச் சம்பளப் பதிவு நம்பரையே, போட்டுக்கொள்வோம் என்று யோகா சொன்னபோது எங்களுக்கெல்லாம் புல்லரித்துப்போனது. அம்மாவின் நம்பர், மறக்கவே மறக்காது, வெளித்தோட்டத்துக்காரனுக்குத் தெரியவும் தெரியாது. ஆனால் பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுக்கிற இடத்தில் அந்த நம்பர்களை ஒரு நாளைக்கு மூன்று தடவை மலை முழுக்கக் கேட்கக் கத்துகிறார்களே, அது ஐந்து மடையர்களில் ஒருவனுக்கும் உறைக்கவில்லை. எனக்கு அந்த ஞாயிறு காலையில் உறைத்தது.

தீவின் சந்தையில் ஒரு சக்கரம் இருக்கிறது. பொருளை வைத்து ஒரு நம்பரைச் சொல்ல வேண்டும். நின்றால் ஐந்து மடங்கு, பத்து மடங்கு. முதல் வாரம் நான் இரண்டு குண்டு வைத்து இருபதாக எடுத்தேன். அன்றைக்கு என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு லயத்து வாசலெல்லாம் இஸ்தோப்பு இஸ்தோப்பாகச் சுற்றினார்கள். மறுநாளே யோகா, இனி எவனும் சக்கரத்துப் பக்கம் போகக் கூடாது என்றான். எனக்கு அடங்கவில்லை. அறுபதை நூற்றிருபது ஆக்கி வைத்துவிட்டு, பன்னிரண்டு மணிக்கு அவர்கள் வாயைப் பிளப்பதைப் பார்க்க வேண்டும் என்று இருந்தது.

என் நம்பரைப் போட்டால் மாட்டிக்கொள்வேன். மிலானின் அம்மா டோரீன் அத்தையின் நம்பரைப் போட்டேன். மிலான் மேல் யாருக்கும் கோபம் வராது என்று நினைத்தேன். எப்படியும் யாரும் பார்ப்பதற்குள் திருப்பி வைத்துவிடுவேன் என்றும் நினைத்தேன். பத்து வைத்தேன், போனது. இருபது வைத்தேன், போனது. மீதி முப்பதையும் ஒரே தடவையில் வைத்தேன். சக்கரம் என் நம்பரைத் தொட்டுவிட்டு, சனியன், ஒரு கட்டம் தள்ளி நின்றது.

பன்னிரண்டு மணிக்குப் பிள்ளைக்காம்பராவில் கூடியதும் யோகா பெட்டியைத் திறந்தான். பெட்டி காலியாக இருந்தது. சண்டை ஆரம்பித்துவிட்டது. விட்டு ஓடினால் தோட்டத்துக்கே கேவலம் என்று தீவில் வெறும் கோடாலியோடு கினிகத்தேனைக் கூட்டத்தின் மதிலுக்குப் போனோம். மேலிருந்து சுட்டார்கள். நல்லமுத்துவின் மகன்கள் வாசலிலேயே விழுந்தார்கள். யோகாவின் தலையில் சுட்டு, பிணத்தைக் கொக்கியில் மாட்டி மதிலில் தொங்கவிட்டார்கள். நேரலையில் வர்ணனை சொன்ன நிலக்ஷிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "மேல்கணக்குக்காரங்க கோட்டைய ஒடைக்க வந்திருக்காங்களா, வெறகு வெட்ட வந்திருக்காங்களான்னு தெரியலீங்க!"

நானூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யோகா போனை வைத்துவிட்டு எழுந்தான். அவன் முகம் கறுத்திருந்தது.

"பெட்டியில ஒன் நம்பருடா, மிலான்."

"நா தொடலடா. காலையில சர்ச்சுல அம்மாகூட பூசையில இருந்தேன். அம்மா இப்ப டவுன்லதான் நிக்குது, வேணும்னா போன் போட்டுக் கேட்டுப் பாரு."

"பூசையில போன் நோண்டாத ஆளாடா நீ?"

யோகாவின் முதல் அறை மிலானின் காதோடு விழுந்தது. மிலான் எழுவதற்குள் நல்லமுத்துவின் மூத்த மகன் வயிற்றில் உதைத்தான். இளையவன் கதவைச் சாத்தினான். மிலானின் மூக்கிலிருந்து இரத்தம் சட்டையெல்லாம் வடிந்தது. பூசைக்குப் போட்ட வெள்ளைச் சட்டை. சொல்லிவிடு, சொல்லிவிடு என்று எனக்குள் ஒன்று அடித்துக்கொண்டது. ஒவ்வொரு அடிக்கும், இதோடு விட்டுவிடுவார்கள் என்று காத்திருந்தேன். நான் கோழை. அதற்கு வேறு பெயர் கிடையாது.

யோகா அவன் தலைமுடியைப் பிடித்து நிமிர்த்தினான். மிலான் இரத்தத்தைத் துப்பிவிட்டுக் கத்தினான்.

"மடப்பயலுகளா! எங்கம்மா நம்பரு எனக்கு மட்டுமாடா தெரியும்? தெனமும் கொழுந்து நிறுக்கிற எடத்துல கூப்புடுறாங்களேடா! இங்க நிக்கிற எல்லாருக்குந்தாண்டா தெரியும்!"

யோகாவின் கை தளர்ந்தது. அவன் திரும்பி எங்களை ஒவ்வொருத்தராகப் பார்க்க ஆரம்பித்தான். நல்லமுத்துவின் மகன்களைப் பார்த்தான். அடுத்தது நான்.

உடைந்த பெஞ்சின் கால் எப்போது என் கைக்கு வந்தது என்று தெரியாது என்று சொல்ல ஆசைதான். தெரியும். குனிந்து எடுத்தேன். பிடி சரியாக இருக்கிறதா என்று பார்த்தேன். "பொய் சொல்றியாடா!" என்று கத்திக்கொண்டே, பக்கவாட்டிலிருந்து மிலானின் வாயைப் பார்த்து ஓங்கி அடித்தேன். எலும்பு உடைகிற சத்தம் என் தோள் வரைக்கும் வந்தது. மிலான் ஒரு சத்தமும் போடாமல் விழுந்தான். தாடை ஒரு பக்கமாகத் தொங்கியது. பெஞ்சுக் காலில் நீட்டியிருந்த ஆணி ஏறி இடது கண்ணுக்குக் கீழே சதை பிளந்திருந்தது.

"என்னடா செஞ்சே!" என்றான் யோகா. அவ்வளவு நேரம் அடித்தவன், என்னைப் பார்த்துப் பின்வாங்கினான். அடுத்த நிமிஷம் மூன்று பேரும் கதவைத் திறந்துகொண்டு ஓடிவிட்டார்கள். நான் மிலானைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு ஓடினேன். ஆட்டோவில் வழி முழுக்க அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "மச்சான், மச்சான்" என்று அழுதேன். அந்த அழுகை பொய்யில்லை. அதுதான் இன்னும் அசிங்கம்.

நான்கு மணிக்கு டோரீன் அத்தை ஹட்டன் சந்தைப் பையோடு அப்படியே ஆஸ்பத்திரிக்கு வந்தார். மகனின் போர்வையை இழுத்துச் சரிசெய்தார். பிறகு என்னிடம் வந்து, இரத்தம் காய்ந்த என் சட்டையைத் தொட்டுப் பார்த்தார்.

"நீ மட்டும் இல்லாட்டி எம்புள்ள அங்கேயே செத்திருப்பான்யா. ஒங்கம்மா வயித்துக்கு ஒரு கொறையும் வராது."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். டாக்டர் தாடையைக் கம்பி வைத்துக் கட்ட வேண்டும் என்றார். இடது கண்ணைப் பற்றி இப்போது எதுவும் சொல்ல முடியாது என்றார்.

ஐந்து மணிக்கு பொலிஸ் சார்ஜன் வந்தார். தமிழ் தெரியாதவர். அத்தைதான் இடையில் நின்று சிங்களத்தில் பேசினார். "கவ்த கெஹுவே?" என்று சார்ஜன் மிலானிடம் கேட்டார். யார் அடித்தது? மிலானால் வாயைத் திறக்க முடியவில்லை. ஒற்றைக் கண்ணால் சுற்றிலும் பார்த்தான். பேப்பரில் யோகேஸ்வரன் என்று எழுதினான், நல்லமுத்துவின் மகன்கள் இரண்டு பேரையும் எழுதினான். பேனாவை வைத்துவிட்டு, கட்டிலோரம் நின்ற என் கையைப் பிடித்துக்கொண்டான்.

அவனுக்குத் தெரியவில்லை. யோகா அவன் கண்ணுக்கு முன்னால் நின்றான், நான் பக்கத்திலிருந்து அடித்தேன். அடியோடு நினைவு போனவனுக்கு என் குரலும் பதியவில்லை. நாளைக்கு யோகா பிடிபட்டு உண்மையைச் சொன்னாலும், ஓடினவனை யார் நம்புவார்கள்? தூக்கிக்கொண்டு வந்தவன் நான். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். சார்ஜன் புத்தகத்தை மூடிக்கொண்டிருந்தார்.

மிலானின் கை சுடச்சுட இருந்தது. என்னைச் சமாதானப்படுத்துகிறவன் மாதிரி விரலை அழுத்தினான். அதை என்னால் தாங்க முடியவில்லை.

"அத்த, பெட்டியத் தொறந்தது நாந்தான். ஒங்க நம்பரப் போட்டு நாந்தான் தொறந்தேன். வாயில அடிச்சதும் நாந்தான். அவங்க யாரும் இல்ல."

அத்தை புரியாதவர் போல என்னைப் பார்த்தார். மிலானுக்குப் புரிந்துவிட்டது. கையை இழுத்துக்கொண்டான். கட்டுப் போட்ட வாய்க்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. நான் அடித்தபோது கூட அவன் அப்படிச் சத்தம் போடவில்லை.

"மொகத கியன்னே?" என்றார் சார்ஜன். என்ன சொல்கிறான்?

எனக்குச் சிங்களம் தெரியும். இருந்தும் அத்தையின் பக்கமே திரும்பினேன். சார்ஜன் அத்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை முந்தானையை வாயில் வைத்து அழுத்தினார். பிறகு எடுத்தார். காலைப் பெரட்டில் ஆள் கணக்கெடுக்கிற துரைக்குப் பதில் சொல்கிற மாதிரி நிமிர்ந்து நின்றார்.

"மெயா தமய் மகே புதாட்ட கெஹுவே."

என் மகனை இவன்தான் அடித்தான். குரல் அவ்வளவு சின்னதாக வந்ததால் சார்ஜனுக்குக் கேட்கவில்லை. இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். அத்தை இன்னொரு தடவை சொன்னார்.