பலகைக்கு அந்தப் பக்கம்

ஆற்றை ஒட்டிய அந்த மூன்று மாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் அண்ணன் அச்சகம் நடத்திவந்தார். அச்சகத்துக்குப் பின்னால், ஆற்றைப் பார்த்த இரண்டு அறைகளில் தங்கை இருந்தாள். கணவனோடு ஒத்துவராமல் ஒரு தையல் மெஷினோடு திரும்பி வந்தவளுக்கு, அப்பா கடைசிக் காலத்தில் வாய்வார்த்தையாகக் கொடுத்த அறைகள் அவை. அண்ணனைப் பொறுத்தவரை அது காகிதக் கட்டுகளை அடுக்கவேண்டிய இடம். வெளியே போ என்று சொன்னால் ஊர் வாயில் விழவேண்டும். ஐந்து வருடமாகப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

போன மழையில் ஆறு வாசல்வரை வந்து எட்டிப் பார்த்ததும் வெள்ளத் தடுப்பு வைக்க ஃபிட்டரை வரவழைத்தார். ஃபிட்டர் சுற்றிப் பார்த்துவிட்டு, தங்கையின் வெளிக்கதவைக் காட்டினான்.

"சார், தண்ணி முதல்ல இங்கதான் ஏறும். இந்தச் சுவரோட வெச்சா மொத்தக் கட்டடமும் தப்பிக்கும்."

"வேணாம். உள்ள வை." தங்கையின் அறைக்கும் அச்சகத்துக்கும் நடுவில் இருந்த வழியை அண்ணன் காட்டினார். மாடிப்படி அந்த வழிக்கு உள்பக்கம் இருந்தது.

"அப்போ அக்காவோட ரூம் வெளிய நிக்குமே சார்?"

"உனக்கு எதுக்கு அந்தக் கவலை?"

சத்தம் கேட்டுத் தங்கை வந்தாள். "தண்ணி வந்தா நான் என்னண்ணே பண்றது?"

"பலகை போடறதுக்கு முன்னாடி உன்னைக் கூப்பிட மாட்டேனா? சாமானைத் தூக்கிட்டு மாடிக்கு வந்துடு. கூடப்பிறந்தவளை ஆத்துலயா விடுவேன்?"

அவள் நம்பினாள். அளவு நாடாவின் மறுமுனையை அவளே பிடித்துக்கொண்டாள். ஃபிட்டர் சுவரின் இருபுறமும் துளையிட்டு இரும்புச் சட்டம் பொருத்தினான். தரையில் மேடுபள்ளம் இருந்த இடத்தைச் சிமெண்டால் சமன்செய்தான். சட்டத்துக்குள் ஐந்து அலுமினியப் பலகைகள் ஒன்றன்மேல் ஒன்றாக இறங்கி நெஞ்சளவு நின்றன. ஒவ்வொன்றுக்கும் அடியில் ரப்பர் பட்டை. குழாயால் தண்ணீர் பீய்ச்சிப் பார்த்தார்கள், சொட்டு ஒழுகவில்லை. தங்கை அவனுக்கு டீ போட்டுக் கொடுத்தாள்.

அடுத்த மழை மூன்று நாள் விடாமல் அடித்தது. நான்காம் நாள் காலை அண்ணன் ஃபிட்டருக்குப் போன் செய்து கூப்பிட்டார். அவன் வந்தபோது நான்கு பலகைகள் இறங்கியிருந்தன.

"அக்காவைக் கூப்பிட்டாச்சா சார்?"

"அவ கடைக்குப் போயிருக்கா. சீக்கிரம் போல்ட்டை முறுக்கு."

சுவருக்கு அந்தப் பக்கம் தையல் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. ஃபிட்டர் அண்ணனைப் பார்த்தான். அண்ணன் கடைசிப் பலகையை எடுத்து அவன் கையில் கொடுத்தார். அவன் அதை இறக்கிப் போல்ட்டை முறுக்கினான்.

கொஞ்ச நேரத்தில் மெஷின் நின்றது. பிறகு பலகைக்கு அந்தப் பக்கம் கதவு திறந்தது. கணுக்காலளவுத் தண்ணீரில் தங்கை நின்றாள்.

"அண்ணே, கூப்பிடறேன்னு சொன்னீங்களே."

"மறந்துட்டேன். இப்போ ஏறிக் குதிச்சு வா."

"மெஷினு?"

"பலகையைத் தூக்கினா ரப்பர் பிடி விட்டுடும். உள்ள அத்தனை பேப்பரும் நாசமாயிடும்."

"பலகையைத் தூக்க வேணாம். மேல வழியா கொடுக்கறேன், வாங்கிக்கிட்டா போதும்."

அவள் மெஷினின் தலைப்பகுதியைக் கழற்றிக்கொண்டு வருவதற்குள் தண்ணீர் முழங்காலுக்கு வந்துவிட்டது. மூச்சு வாங்க அதைத் தூக்கிப் பலகையின் விளிம்புவரை கொண்டுவந்தாள். ஃபிட்டர் கை நீட்டினான்.

"கையை எடு. மேல் பலகை வளைஞ்சா உன்னைத்தான் கேப்பேன்" என்றார் அண்ணன்.

அவன் கையை இழுத்துக்கொண்டான். தங்கை அவனைப் பார்த்தாள். அதைப் பிடித்துக்கொண்டே நின்றாள். வலு தீர்ந்ததும் நழுவ விட்டாள். தண்ணீர் தெறித்து அவள் முகத்தில் அடித்தது.

பிறகு ஏறிக் குதித்தாள். உடம்பெல்லாம் சேற்றுத் தண்ணீர் சொட்டியது. மாடியிலிருந்து அண்ணி துண்டோடு ஓடிவந்தாள். தங்கை கையை நீட்டினாள். அண்ணி குனிந்து தரையைத் துடைத்தாள்.

"பேப்பர் கட்டுப் பக்கம் போயிடாதேம்மா, ஈரம் பட்டுடும்" என்றாள்.

வெள்ளம் இரண்டு நாள் நின்றது. அச்சகத்துக்குள் ஒரு தாள்கூட நனையவில்லை. வடிந்ததும் தங்கை தன் அறைக்குள் போய், உப்பிப்போன கட்டிலையும் சேறு அப்பிய துணிகளையும் பார்த்துவிட்டு வந்தாள். யாரிடமும் சண்டை போடவில்லை. ஒரு பையை எடுத்துக்கொண்டு தோழி வீட்டுக்குப் போய்விட்டாள்.

மறுவாரமே அண்ணன் ஃபிட்டரை அழைத்தார். "பலகையை எல்லாம் கழட்டி வெளிச்சுவர்ல மாட்டு. இங்க இனிமே பேப்பர் அடுக்கப் போறேன்."

அவன் வெளிக்கதவில் சட்டம் பொருத்திக்கொண்டிருந்தபோது தங்கை வந்தாள்.

"மெஷினை எடுத்துட்டுப் போலாம்னு வந்தேன் தம்பி."

"சார் அதைப் பழைய இரும்புக்காரன்கிட்ட போட்டுட்டாருக்கா."

 அவள் புதுச் சட்டத்தை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இது தாங்குமா?"

"தாங்கும்க்கா. போன தடவை வந்ததைவிட ரெண்டடி கூட வந்தாலும் தாங்கும்."

"நல்லாத்தான் வேலை செய்றீங்க" என்று சொல்லிவிட்டு, ஆற்றோரப் பாதையில் நடந்து போனாள்.

இன்னும் நான்கு போல்ட் பாக்கி இருந்தது. ஃபிட்டர் அவற்றையும் முறுக்கி முடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனான்.